தென்பெண்ணை 2180: ஆள் நிறுத்தி நகரம் கட்டும் பலகை ஆட்டத்தை வீட்டிலேயே செய்ய

2180-ல், கிருஷ்ணகிரிப் பக்கம் தென்பெண்ணை ஆற்றங்கரையில் நகரம் கட்டுவதுதான் ஆட்டக் கதை. பலகையில் உள்ள ஒரு கட்டத்தில் ஒருவர் தன் ஆளை (காயை) நிறுத்திவிட்டால், அந்தச் சுற்று முடியும்வரை அந்தக் கட்டம் மற்றவருக்கு அடைபட்டது. இந்த வகை ஆட்டத்தின் உயிரே அதுதான். எதிர்காலம், கண்ணாடிக் கூரை எல்லாம் மேல்பூச்சு. எனவே படம் வரையும் முன் கட்டங்களை எண்ணுங்கள். தொடக்கத்தில் மொத்த ஆட்களைவிடக் கட்டம் ஒன்றுதான் கூட இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் யாரும் யாரையும் தடுக்கமாட்டார்கள், ஆட்டம் தூங்கிவிடும்.

நான்கு பேர், தலைக்கு 2 ஆள், ஆக 8 ஆள், 9 கட்டம். பலன்கள் இப்படி:

கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை: விழுந்த ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு நீர்
கெலவரப்பள்ளி அணை: 2 நீர்
குவாரி: 3 கல்
சூரியத் தகடு: 3 மின்சாரம்
கேழ்வரகுக் கொல்லை: 4 கேழ்வரகு
கட்டுமானம் ஒன்று: இரண்டு கட்டடம் வரை
கட்டுமானம் இரண்டு: ஒரு கட்டடம்
குடியேற்றம்: 2 கேழ்வரகும் 1 நீரும் கொடுத்து மூன்றாவது ஆள்
தலைவாசல்: அடுத்த சுற்றில் முதல் ஆட்டம், விரும்பிய பொருள் ஒன்று

இவை போகச் சந்தை என்று அடைபடாத கட்டம் ஒன்று வேண்டும்: 1 கேழ்வரகு எடுக்கலாம், அல்லது இரண்டு பொருளைக் கொடுத்து ஒன்று வாங்கலாம். மூவர் ஆடினால் கெலவரப்பள்ளியையும் இரண்டாம் கட்டுமானத்தையும் மூடிவிடுங்கள். மொத்தம் ஆறு சுற்று.

"விழுந்த வெள்ளை" என்றது புளியங்கொட்டையை. தாய ஆட்டத்துக்குத் தேய்ப்பதுபோல் நான்கு கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து, சுற்றின் தொடக்கத்தில் உருட்டவேண்டும். அதிகம் தேய்த்தால் ஒரே பக்கமாக விழும். நான்கையும் ஐம்பது முறை போட்டு எண்ணுங்கள். 200-ல் வெள்ளை 80-க்குக் கீழோ 120-க்கு மேலோ வந்தால் கொட்டையை மாற்றுங்கள். ஒன்றுமே விழாத சுற்றில் அணை வறண்டது, அவ்வளவுதான்.

ஆட்களாக வைக்க நான்கு நிறத்தில் மொத்தம் 12 சோடா மூடி. நீருக்கு நீலப் பாசி 24, மின்சாரத்துக்கு மஞ்சள் பொத்தான் 16, கல்லுக்குக் கிரானைட் சில்லு 16 (பட்டறைச் சில்லின் முனை கையைக் கிழிக்கும், தேய்த்துக்கொள்ளுங்கள்). கேழ்வரகுக்குக் கேழ்வரகையே வைக்க ஆசை வரும். எண்ணவும் முடியாது, பாயிடுக்கில் போனது திரும்பியும் வராது. மொச்சை 30 போதும். பலகைக்குச் சார்ட்டை அட்டைப்பெட்டியில் ஒட்டும்போது பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காய்ந்ததும் பலகை வளையும்.

கட்டடச் சில்லு 20, பழைய கல்யாணப் பத்திரிகையில் 4 செ.மீ. சதுரமாக வெட்டியது. வீடு 6 (கல் 1, நீர் 1, 2 புள்ளி). வடிநிலையம் 5 (கல் 1, மின்சாரம் 1; 1 புள்ளி). கல் பட்டறை 5 (மின்சாரம் 2, 4 புள்ளி). மாங்கூடம் 4 (நீர் 2, 3 புள்ளி). நான்கைத் திறந்து வைத்து, எடுக்க எடுக்க நிரப்புங்கள். கட்டிய சில்லை அடுக்க ஒவ்வொருவருக்கும் 2×3 மனை. வடிநிலையத்தை ஒட்டிய வீட்டுக்கு 2 புள்ளி கூடும், பட்டறையை ஒட்டிய வீட்டுக்கு 2 குறையும். கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2180-லும் வடிகட்டாமல் குடியிருக்க முடியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கக் கையிருப்பு: 2 கேழ்வரகு, 1 நீர். கடைசியாக ஆடுபவருக்கு மட்டும் ஒரு கேழ்வரகு கூடுதல். சுற்று முடிவில் இரண்டு ஆள் உள்ளவர் 1 கேழ்வரகும், மூன்று ஆள் உள்ளவர் 2-ம் கட்டவேண்டும். கட்ட முடியாவிட்டால் குறையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி போகட்டும், ஆளைப் பிடுங்காதீர்கள். ஆளை இழந்தவர் அடுத்த சுற்றில் இன்னும் குறைவாகச் சம்பாதிப்பார், மூன்றாம் சுற்றிலேயே தோற்றுவிட்டு மீதி ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பார்.

பலன் எண்களை முதலில் பென்சிலில் எழுதுங்கள். எல்லாச் சுற்றிலும் முதல் ஆள் ஒரே கட்டத்துக்கு ஓடினால் அதன் பலனில் ஒன்றைக் குறைக்கவேண்டும். யாரும் தொடாத கட்டத்துக்கு ஒன்றைக் கூட்டவேண்டும். ஆறாம் சுற்றில் குடியேற்றத்தால் யாருக்கும் பயனில்லை, அதை ஒரு பொத்தானால் மூடிவிடுங்கள்.