கத்தியின்றித் தாடையைச் சீராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாடை எடுப்பாகத் தெரியாமல் போக ஒரே காரணம் கிடையாது. மோவாய் எலும்பு உள்வாங்கியிருக்கலாம். மோவாய்க்கு அடியில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். காதுக்குக் கீழே மெல்லும் தசை புடைத்திருக்கலாம், அல்லது தோல் தளர்ந்திருக்கலாம். எலும்புக் குறைக்கு ஃபில்லர் (தோலுக்கு அடியில் ஊசியால் நிரப்பும் கூழ்), கொழுப்புக்குக் கரைப்பு ஊசி அல்லது உறையவைத்தல், தசைக்கு போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி), தளர்ந்த தோலுக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது ரேடியோ அலைச் சூடு என்று வழிகளும் வேறுவேறு. எது தன் குறை என்று தெரியாமலே "ஃபில்லர் போடுங்கள்" என்று போய் நிற்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

பல்லை இறுகக் கடித்துத் தாடை மூலையில் விரல் வையுங்கள். அங்கே கெட்டியாகத் திரண்டு எழுந்தால் அகலத்துக்குக் காரணம் தசை. மோவாய்க்கு அடியில் கிள்ளினால் தடிப்பாக வருவது கொழுப்பு, மெல்லிசாக இழுபடுவது தோல். பக்கவாட்டுப் படத்தில் மோவாய் கீழுதட்டைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தால் எலும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மோவாய் உள்வாங்கியவருக்குக் கொழுப்பு அதிகம் இல்லாமலே இரட்டைத் தாடை இருப்பதுபோல் தெரியும். அவருக்குக் கரைப்பு ஊசி போட்டுப் பயனில்லை. மேல்பற்கள் துருத்தி, கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் பல்சீரமைப்பு மருத்துவர்.

ஃபில்லரில் பலரும் சறுக்குவது அளவில். ஒரு சிரிஞ்ச் என்பது பெரும்பாலும் 1 மி.லி.தான், தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. மோவாய்க்கு 1 முதல் 2 மி.லி., இருபக்கத் தாடையோரத்துக்கும் சேர்த்து 2 முதல் 4 மி.லி. பொதுவாகத் தேவைப்படும். ஒரே சிரிஞ்சை எல்லா இடத்துக்கும் பங்கு போட்டால் எங்கும் மாற்றம் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிரப்பினாலோ முகத்தின் கீழ்ப்பாதி கனத்துச் சதுரமாகிவிடலாம். கொஞ்சம் குறைவாகப் போட்டு, வீக்கம் வடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் சேர்ப்பதே நல்லது. தொங்கும் தோலை ஃபில்லரால் தூக்கப் பார்ப்பதும் வீண். தோலுக்கு எடைதான் கூடும். உதட்டுக்கான மென்மையான வகை தாடையில் வடிவம் காட்டாது, இங்கே கெட்டியான வகை வேண்டும்.

எந்தப் பொருள் என்று கேட்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. ஹயலுரானிக் அமில ஃபில்லர் பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட் வகைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. திரவ சிலிக்கான் நிரந்தரம். கோளாறானால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முதல்முறை போடுபவருக்குக் கரைக்கக்கூடியதே போதும். ஹயலுரானிடேஸ் கைவசம் உண்டா என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ள விற்கும், அழுத்தத்தால் ஃபில்லரைத் தோலுக்குள் செலுத்தும் ஊசியில்லாப் பேனாக்களின் பக்கமே போக வேண்டாம். 2021இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இவற்றுக்கு எதிராக எச்சரித்தது.

கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமிலத்தை 1 செ.மீ. இடைவெளியில் 0.2 மி.லி. வீதம் போடுவார்கள். ஓர் அமர்வில் 10 மி.லி.யைத் தாண்டக்கூடாது, அமர்வுகளுக்கு இடையே ஒரு மாதமாவது வேண்டும், மொத்தம் ஆறு அமர்வுதான் உச்சம். தாடை விளிம்பை ஒட்டிப் போட்டால் அங்கே ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டுச் சிரிப்பு கோணலாகலாம். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம். போட்டபின் மோவாய்க்கு அடியில் நன்றாக வீங்கும் என்பதால் விசேஷத்துக்கு முந்தைய வாரம் இதற்கு உகந்ததல்ல.

மெல்லும் தசைக்கு போடாக்ஸ் ஒரு பக்கம் சுமார் 20 முதல் 30 யூனிட் போடுவது வழக்கம். ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமல்ல, ஆகவே பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். தசை சுருங்கி முகம் ஒடுங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று கூடுதல் ஊசி கேட்பது தவறு. தோல் தளர்ந்தவருக்குத் தசை மெலிந்ததும் கன்னத்தோரத் தொங்கல் இன்னும் வெளிப்படையாகும். தாடை கூராகும் என்று ரப்பர் உருண்டையை மெல்பவர்கள், பாவம், அகலமாக்கும் அதே தசையைத்தான் வளர்க்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கன்றிப்போகும் என்று பயந்து தாங்களாகவே அதை நிறுத்தக்கூடாது. பல் சிகிச்சையையும் ஃபில்லரையும் இரண்டு வாரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். போட்ட இடத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். ஃபில்லர் போட்டபின் தோல் வெளிறுவது, வலைபோல் நீலம் பாய்வது, வலி ஏறிக்கொண்டே போவது, இவை ரத்தக்குழாய் அடைபட்டதன் அறிகுறிகள். பனிக்கட்டி வைத்து விடியும்வரை காத்திருக்காமல், எந்நேரமானாலும் உடனே போட்ட மருத்துவரை அழையுங்கள். கண் பார்வை மங்கினால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.