டாலர் கட்டும் முன் மாதத்தை எண்ணுங்கள்

அக்கா மகள் பி.எஸ்சி. முடித்த கையோடு, "ஆஸ்திரேலியாவில் நாலே வருஷத்தில் டாக்டர் ஆகிடலாம் மாமா" என்றாள். கிருஷ்ணகிரி வீட்டுத் திண்ணையில், மாங்காய் மண்டிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் செலவை எழுத உட்கார்ந்தோம். மருத்துவக் கல்லூரியில் சேர காம்சாட் நுழைவுத் தேர்வு (சில கல்லூரிகள் அதற்குப் பதில் எம்கேட் தேர்வையும் ஏற்கும்), ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, ஒவ்வொரு கல்லூரிக்கும் விண்ணப்பக் கட்டணம், டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரச் சான்று) வாங்க சேலம் பெரியார் பல்கலைக்கு இரண்டு நடை. கார்டில் டாலர் கட்டினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் தனியாகப் பிடிக்கும். அதையும் எழுதினோம்.

பேனா நின்றது வேறு இடத்தில். திரும்பி வந்து இங்கே மருத்துவம் பார்க்க, தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்எம்சி) 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். படித்த அதே கல்வி நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப் (பயிற்சி மருத்துவர் வேலை) தனி. நீட் தகுதியும் வேண்டும். நாலு வருஷம் என்றால் 48 மாதம்தானே! எங்களிடம் பேசிய ஏஜென்ட் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அங்கேயே தங்கிவிடும் எண்ணமென்றால் இந்தக் கவலை இல்லை. ஊர் திரும்பும் ஆசை இருந்தால், படிப்பு மொத்தம் எத்தனை மாதம் என்று கல்லூரிக்கே மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் காசு செலவில்லை. பதில் வரும்வரை தேர்வுக்குக்கூடப் பணம் கட்ட வேண்டாம்.