ஒரு ரீட், ஒரு செய்தி அன்று: ஜாவா சாக்கெட்டில் தவிர்க்க வேண்டியவை

சாக்கெட் என்பது இரண்டு நிரல்கள் வலையமைப்பு வழியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை. அதில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதியில் என்னிடம் ஜாவா கற்க வரும் தோட்டத்துப் பிள்ளைகள், நான் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சர்வரை இயக்காமல் கிளையண்ட்டை இயக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், பிழைச்செய்தியே திருத்திவிடும். செய்தியே வராத பிழைகள்தான் ஆளைக் கொல்கின்றன.

ரீட்டுக்கு ஒரு செய்தி என்று நம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளின் எடையை எடைமேடையிலிருந்து அலுவலகக் கணினிக்கு அனுப்ப ஒரு மாணவன் நிரல் எழுதினான். வரும் பைட்டுகளை வாங்கி வைக்க 1024 பைட் அரே. ஒருமுறை ரீட் செய்து கிடைப்பதெல்லாம் ஒரு பதிவு என்பது அவன் கணக்கு. ஒரே மடிக்கணினியில் ஒவ்வொன்றாக அனுப்பிச் சோதித்தபோது குறையே இல்லை. ஹாட்ஸ்பாட் வழியாக அன்றைய பதிவுகளைத் தொடர்ந்து அனுப்பியதும் இரண்டு லாரிகளின் எடை ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாக வந்தது. ஓர் ஓட்டுநரின் பெயர் பிளந்து, நடுவே கேள்விக்குறிகள்.

"லைன் சரியில்லை, ஐயா" என்றான். எதற்கும் லைன்தான் பலியாடு!

சாக்கெட்டுக்கு அடியில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. ஒரு பதிவு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. இருமுறை எழுதியது ஒரே ரீட்டில் வரலாம். ஒருமுறை எழுதியது துண்டுதுண்டாகவும் வரலாம். தமிழுக்குக் கூடுதல் வினை: எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'கி' என்பதற்கே 6 பைட் வேண்டும். வெட்டு அதன் நடுவே விழுந்தால் எழுத்து சிதைகிறது.

நிரலைச் சற்று நிறுத்திவைக்க இடையிடையே ஸ்லீப் போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்று வருபவர்களோடு நான் வாதாடுவதில்லை. நிரலை அழிக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நீளத்தை டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீமின் ரைட்இன்ட் கொண்டு 4 பைட்டாக அனுப்புங்கள். மறுமுனையில் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்இன்ட் அதைப் படிக்கட்டும். அத்தனை பைட்டும் சேரும்வரை ரீட்ஃபுல்லி காத்திருக்கட்டும். அதன்பிறகே ஸ்ட்ரிங் ஆக்குங்கள், யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு. ஜாவா 18-க்கு முன் இயல்புக் குறியாக்கம் கணினிக்குக் கணினி மாறும். நீளம் என்றால் பைட் நீளம். ஸ்ட்ரிங்கின் லெங்த் அன்று. வரும் நீளத்துக்கு உச்சவரம்பும் வையுங்கள், இல்லையேல் தவறான ஓர் எண் நினைவகத்தை விழுங்கிவிடும்.

டைம்அவுட் வைக்காதது

ரீட் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்புதான் டைம்அவுட். அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது, முடிவே இல்லாமல் காத்திருக்கும்.

சாக்கெட்டை மூடாதது

வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் ஜாவா 7 முதல் இருக்கிறது. சாக்குச் சொல்ல வேண்டாம்.

ஒரே த்ரெட்டில் எல்லோரையும் கவனிப்பது

த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. வரும் இணைப்பை அக்செப்ட் செய்த கையோடு அதே இழையில் படிக்க உட்கார்ந்தால், இரண்டாவது எடைமேடை வாசலிலேயே நிற்கும். ஜாவா 21 இருந்தால் இணைப்புக்கு ஒரு விர்ச்சுவல் த்ரெட் (செலவு குறைந்த, இலேசான த்ரெட்) தாராளமாகக் கொடுக்கலாம். பழைய பதிப்பென்றால் த்ரெட்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் த்ரெட் பூல் போதும்.