மடைக்கதவை வெல்டிங் கடைத் தாளுக்குக் கொண்டுவருதல்: ஓட்டோகாட்டில் முப்பரிமாண மாதிரியிலிருந்து தட்டை வரைபடம்

திரையில் சுழற்றிப் பார்க்க மாதிரி வடிவாகத்தான் இருக்கும். ஆனால் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ தகடு வெட்டுகிறவருக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது ஒரு ஏ3 தாள். எது எவ்வளவு நீளம், எங்கே ஓட்டை, தவாளிப்பு (தகடு ஏறி இறங்கும் நீள் பள்ளம்) எத்தனை மில்லிமீற்றர் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும்.

உதாரணத்துக்கு வயல் வாய்க்காலுக்கான ஒரு சின்ன மடைக்கதவை எடுப்போம். தகடு 600 அகலம், 750 உயரம், 6 தடிப்பு. இரு பக்கமும் 1500 உயரத் தூண்கள், அவற்றில் 10 மில்லிமீற்றர் அகலத் தவாளிப்பு. தகட்டின் ஒவ்வொரு ஓரமும் தவாளிப்புக்குள் 25 மில்லிமீற்றர் நிற்கும். ஆகவே தண்ணி போகும் வழி 550. மேலே ஒரு தூக்குத் திருகு. எல்லாம் மில்லிமீற்றரில்.

ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் இதற்கு இரண்டு கட்டளை உண்டு. ஃபிளாட்சொட், நிற்கிற பார்வையை அப்படியே தட்டையான கோடுகளாக்கித் தரும். மாதிரியோடு அதற்குத் தொடர்பு இராது. வியூபேஸ், லேஅவுட் தாளில் (அச்சுக்குப் போகும் தாளில்) பார்வைகளை வைக்கும். மாதிரியை மாற்றினால் தாளும் மாறும். ஃபிளாட்சொட்டை மட்டும் பழகிவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே பாவிக்கிறவர்கள் அதிகம். அளவு போட்ட தாளுக்கு வியூபேஸ், வெட்டும் மெசினுக்கு ஃபிளாட்சொட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டோகாட் எல்ரீ என்ற சிறிய பதிப்பில் இரண்டும் இல்லை.

முதலில் மாதிரியைச் சரிபாருங்கள்

டிஸ்ட் கட்டளையால் தகட்டின் அகலத்தை அளவுங்கள். 600 வரவேண்டும். 0.6 வந்தால் மாதிரி மீற்றரில் இருக்கிறது, 1000ஆல் பெருப்பியுங்கள். 23.62 வந்தால் அங்குலம், 25.4ஆல் பெருப்பியுங்கள். அளவு போட்ட பிறகு இதைத் திருத்தப்போனால் வேலை இரண்டு மடங்கு.

அடுத்து லிஸ்ட் கொடுத்து ஒவ்வொரு பாகமும் சொலிட்டா (உள்ளே நிறைந்த திண்மமா) என்று பாருங்கள். மெஷ் (வலைப்பின்னல் மேற்பரப்பு) என்று வந்தால் ஃபிளாட்சொட் எடுக்கும், வியூபேஸ் எடுக்காது. இன்டர்ஃபியர் கட்டளை தகடும் தூணும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் காட்டிவிடும்.

திருகின் புரியை உண்மையான சுருளாக வரையவேண்டாம். தட்டையாக்கும்போது அது எண்ணற்ற சிறு வளைகோடுகளாகி, கோப்பு ஊதி, பழைய கொம்பியூட்டர் அப்படியே நின்றுவிடும். வெறும் உருளையாக விட்டு, பக்கத்தில் எம் 24 (24 மில்லிமீற்றர் புரி) என்று எழுதினால் கடைக்காரருக்கு விளங்கும்.

தாளுக்கு: வியூபேஸ்

வியூஎஸ்ரீடி கட்டளையைத் திறந்து பார்வைகளைத் தாளில் அடுக்கும் முறை (எறியம்) முதற்கோணமா, மூன்றாங்கோணமா என்று முதலே தெரிவுசெய்யுங்கள். முதற்கோணத்தில் கிடைப்படம் (மேலிருந்து பார்ப்பது) முன்னிலைப்படத்துக்கு (முன்னாலிருந்து பார்ப்பது) கீழே வரும், மூன்றாங்கோணத்தில் மேலே. பக்கப் பார்வைகளும் அப்படியே இடம் மாறும். இதைக் குழப்பினால் சுவரில் பதிக்கும் இரும்புக் காதுகளைக் கடைக்காரர் தூணின் மறுமுகத்தில் ஒட்டிவிடுவார். கதவு வாய்க்காலுக்கு வந்த பிறகுதான் தெரியும். பார்வைகளை வைத்தபின் இந்தத் தெரிவை மாற்றினால், ஏற்கெனவே வைத்தவை மாறமாட்டா. தாளின் மூலையில் எறியக் குறியீட்டையும் போட்டுவிடுங்கள்.

இனி லேஅவுட்டுக்குப் போய், தாளை ஏ3 ஆக்கி, தானாக வந்திருக்கும் வியூபோர்ட்டை (மாதிரியைக் காட்டும் சட்டத்தை) அழியுங்கள். வியூபேஸ் கொடுத்து, மொடல் ஸ்பேஸை (மாதிரி வரைந்த இடத்தை) தெரிந்து, நோக்கு முன்பக்கம், அளவுத்திட்டம் 1:10, மறைந்த கோடுகளும் தெரியட்டும் என்று கொடுங்கள். 1500 உயரம் தாளில் 150 மில்லிமீற்றர் ஆகும், இடம் தாராளம். தாளில் கிளிக் செய்து என்டர் தட்டியதும் சுட்டியைக் கீழே இழுத்தால் ஒரு பார்வை, பக்கத்துக்கு இழுத்தால் இன்னொன்று, மூலைக்கு இழுத்தால் சமவளவுத் தோற்றம். கடைசி என்டரோடு எல்லாம் வந்துவிடும்.

தவாளிப்பு இந்த அளவில் சரியாகத் தெரியாது. 10 மில்லிமீற்றர் தாளில் 1 ஆகிவிடும். தகட்டின் முன்னும் பின்னும் விட்ட 2 மில்லிமீற்றர் இடைவெளி 0.2 ஆகும், அது கோட்டின் தடிப்புக்குள்ளேயே மறைந்துபோகும். கதவு இறுகுவதும் ஒழுகுவதும் அந்த இடைவெளியில்தான் என்பதால் இதற்குச் சோம்பல் படக்கூடாது. வியூசெக்சன் கொடுத்து, முன்னிலைப்படத்தில் தகட்டின் நடுவாகக் கிடைக்கோடு போட்டு ஒரு வெட்டுமுகம் எடுங்கள். அந்த வெட்டுமுகத்தில் வியூடீற்றெயில் கொடுத்து, தூண் பகுதியை வட்டமிட்டு 1:1இல் வையுங்கள். 10, 6, 25 என்ற மூன்று அளவும் அங்கேதான் போடவேண்டும்.

கோடுகள் எம்டி விசிபிள், எம்டி ஹிடன் முதலிய லேயர்களில் (கோடுகளைப் பிரித்துவைக்கும் அடுக்குகளில்) தாமாகவே விழும். தெரியும் கோட்டுக்கு 0.5, மறைகோட்டுக்கு 0.25 தடிப்புக் கொடுங்கள். அளவுகளைத் தாளிலேயே போடுங்கள்; தகட்டுக்கு 600 என்று வரவேண்டும். 60 வந்தால் கோடு பார்வையின் புள்ளியைப் பிடிக்கவில்லை, திரும்பப் போடுங்கள். சமவளவுத் தோற்றத்தில் அளவு போடவேண்டாம். ஒரே அளவை இரண்டு இடத்தில் போடவும் வேண்டாம். நாளைக்கு ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவோம். 550ஐ மட்டும் பெரிதாய் எழுதுங்கள், சுவரோடு பொருந்தவேண்டியது அதுதான். பழைய கொங்கிறீற் வாய்க்கால் என்றால் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் அளந்து சிறியதை எடுங்கள்.

வெட்டும் மெசினுக்கு: ஃபிளாட்சொட்

பிளாஸ்மா மெசினுக்குத் தகட்டின் வெளிக்கோடும் ஓட்டைகளும் போதும். தகட்டைத் தனி லேயரில் வைத்து மற்ற லேயர்களை ஃபிரீஸ் பண்ணி மறையுங்கள். ஓஃப் ஆகாத, ஃபிரீஸ் ஆகாத எதையும் ஃபிளாட்சொட் சேர்த்தே எடுத்துவிடும்.

முன்பக்கப் பார்வைக்குப் போங்கள், பேர்ஸ்பெக்ரிவ் (தூரம் போகச் சிறுக்கும் தோற்றம்) 0 ஆக இருக்கட்டும். பிறகு யூசிஎஸ் கட்டளை கொடுத்து டபிள்யூ தட்டுங்கள்; வரையும் தளம் தரைக்குத் திரும்பும். இப்போது ஃபிளாட்சொட் கொடுத்து, புதிய புளொக்காக (ஒன்றாகக் கட்டிய கோட்டுத் தொகுதியாக) செருகு என்பதைத் தெரிந்து, மறைகோடுகளுக்கான சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். செருகும் புள்ளிக்கு 3000,0 என்று தட்டுங்கள். பெருக்கம் 1, 1, சுழற்சி 0.

ஒன்றும் வரவில்லை என்று இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுவார்கள். வந்திருக்கும்; தரையில் படுத்திருப்பதால் முன்னாலிருந்து பார்க்க ஒற்றைக் கோடாய்த் தெரியும். மேற்பார்வைக்குப் போனால் முழுவதும் தெரியும்.

புளொக்கை எக்ஸ்புளோட் செய்து தனிக் கோடுகளாகப் பிரித்து, ஓவர்கில் கொடுத்து ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளை நீக்குங்கள். அவை இருந்தால் சுடர் அதே பாதையில் இரண்டாம் முறையும் போய் விளிம்பைத் தின்றுவிடும். பெடிட்டின் ஜொயினால் வெளிக்கோட்டை மூடிய ஒரே கோடாக்கி, அதை மட்டும் வெட்டும் மெசின் வாசிக்கும் டிஎக்ஸ்எஃப் வடிவில் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். சுடர் தின்னும் அகலத்தை மெசின்காரர் தன் மென்பொருளில் கூட்டிக்கொள்வார். நீங்களும் கூட்டினால் தகடு பெரிதாகி தவாளிப்பில் இறுகும். மாதிரியை மாற்றினால் ஃபிளாட்சொட்டைத் திரும்ப எடுக்கவேண்டும், பழைய டிஎக்ஸ்எஃப்பை அழிக்கவும் வேண்டும்.

ஃபிளாட்சொட்டில் மறைகோடும் வேண்டுமென்றால் ஹிடன் கோட்டுவகையை முன்கூட்டியே ஏற்றிவையுங்கள். அதன் துண்டு 6.35 மில்லிமீற்றர்தான்; 1:10இல் அச்சிட்டால் முழுக்கோடு போலவே தெரியும். எல்ரீஸ்கேலை (கோட்டுவகையின் பெருக்கத்தை) 5க்கும் 10க்கும் இடையில் வைத்து, திரையைப் புதுப்பிக்க றீஜென் கொடுங்கள்.

அச்சு

பிரின்ற் கடைக்குப் பிடிஎஃப் கொண்டுபோங்கள். தாளின் ஓரத்தில் 100 மில்லிமீற்றர் நீளக் கோடொன்றை வரைந்து, அளவையும் எழுதிவிடுங்கள். அச்சிடும்போது தாளுக்கேற்பப் பொருத்து என்பது தெரிவாகி இருந்தால் படம் சுருங்கிவிடும். அடிமட்டத்தை அந்தக் கோட்டில் வைத்தால் 96, 97 என்று காட்டும். அப்படியானால் காசைக் கொடுக்க முன், உண்மையளவில் இன்னொரு தாள் அடிக்கச் சொல்லுங்கள்.