வாசலை மறந்த ஒத்திகைகள்

ஒரு மருத்துவமனையின் தொற்றுநோய் ஒத்திகை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தாலே அதன் தரம் பாதி தெரிந்துவிடும். பல இடங்களில் அது தனிமை வார்டின் கதவருகே தொடங்குகிறது. கவச உடை அணிந்த குழு தயாராக நிற்க, ‘நோயாளி’யை ஸ்ட்ரெச்சரில் அழைத்து வருகிறார்கள். படமெடுக்க நன்றாக இருக்கும். ஆனால் நோய் அந்தக் கதவு வழியாக வருவதில்லை. பதிவு கவுண்டரில் பெயரைச் சொல்லிவிட்டு, நெரிசலான கூடத்தில் இருமிக்கொண்டு காத்திருப்பவரோடு வருகிறது.

2014 செப்டம்பரில், லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவமனை ஒன்றுக்குக் காய்ச்சலோடு போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததைச் செவிலியரிடம் சொன்னார். அது பதிவாகவும் செய்தது. இருந்தும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தபோதுதான் எபோலா என்று தெரிந்தது. அவர் இறந்தார், கவனித்துக்கொண்ட 2 செவிலியர்களுக்கும் தொற்றியது. கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது. அந்தப் பதில் யார் கையில் சேர வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டார்கள். ஆகவே ஒத்திகையில் “பயணம் பற்றிக் கேட்டீர்களா?” என்று கட்டத்தில் டிக் போடுவதோடு நிற்காதீர்கள். கேட்டவர் அடுத்து யாரிடம் சொன்னார், எத்தனை நிமிடத்தில் நோயாளி முகக்கவசத்தோடு தனி அறைக்குப் போனார் என்பதை அளந்து பாருங்கள்.

முன்கூட்டியே நாள் குறித்து நடத்துவது அடுத்த தவறு. நாள் தெரிந்தால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். நியூயார்க் நகரில் 2015 டிசம்பர் முதல் 2016 மே வரை 49 மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போலி நோயாளிகளை அனுப்பினார்கள். தட்டம்மை, மெர்ஸ் (மூச்சு மண்டலத்தைத் தாக்கும் கடும் வைரஸ் தொற்று) ஆகிய நோய்களின் அறிகுறிகளோடு மொத்தம் 95 ஒத்திகைகள். பயண விவரம் கேட்கப்பட்டபோது 88 விழுக்காட்டு ஒத்திகைகளில் நோயாளிக்கு முகக்கவசம் தந்து தனிமைப்படுத்தினார்கள். கேட்காதபோது வெறும் 21 விழுக்காடு. அறிவித்துவிட்டு நடத்தியிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகமே. திடீர் ஒத்திகைக்கும் ஒரு கடிவாளம் வேண்டும்: உண்மையான அவசர நோயாளி வந்தால் உடனே நிறுத்த ஒரு குறிச்சொல், பொய் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போய்விடாமல் தடுக்க ஓர் ஆள்.

கவச உடை விஷயத்தில் அணிவதற்குத்தான் எல்லா ஆரவாரமும். ஆபத்து கழற்றும்போது இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கிருமிக்குப் பதிலாக ஒளிரும் களிம்பைப் பூசிவிட்டுக் கையுறையையும் மேலங்கியையும் கழற்றச் சொன்னார்கள். 46 விழுக்காட்டுத் தடவைகளில் களிம்பு தோலிலோ உடையிலோ ஒட்டியிருந்தது. ஒத்திகை முடிந்ததும் கூட்டமாக நின்று சிரித்துப் பேசியபடி உடையை உருவிப் போடுகிறார்களே, உண்மையில் அளக்க வேண்டிய கட்டமே அதுதான். கழற்றுபவர் பக்கத்தில் ஒருவர் நின்று, ஒவ்வொரு படியாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். களைத்துப்போன ஆளின் கை தானாக முகத்துக்குப் போகும். அதைப் பார்த்துத் தடுக்க இன்னொரு ஜோடிக் கண் தேவை.

காற்றை யாருமே ஒத்திகையில் சேர்ப்பதில்லை. தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியேறிய பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கக்கூடும். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில்கூட 99 விழுக்காடு கிருமி அகல ஏறத்தாழ 23 நிமிடம் பிடிக்கும். ‘நோயாளி’ உட்கார்ந்திருந்த பரிசோதனை அறைக்கு அடுத்தவரை எப்போது அனுப்பினார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டும் கலந்துகொள்ளும் ஒத்திகை அரை ஒத்திகை. வாசல் காவலர், துப்புரவுப் பணியாளர், லிஃப்ட் இயக்குபவர், இரவுப் பணியில் தனியாக இருக்கும் பயிற்சி மருத்துவர் எல்லாரும் அதில் வர வேண்டும். தென் கொரியாவில் 2015இல் மெர்ஸ் 186 பேரைப் பாதித்தது. சியோலில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து மட்டும் 80க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. மற்ற நோயாளிகளும் பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது யார் வேலை என்பது ஒத்திகைத் தாளில் எழுதப்பட்டிருக்கிறதா?

“ஒத்திகை வெற்றிகரமாக நடந்தது” என்ற அறிக்கையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கதவு பூட்டியிருந்தது, சரியான அளவில் முகக்கவசம் இல்லை, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தால் நம்புவேன். அப்படி எழுதுபவரைக் கடிந்துகொண்டால் அடுத்த அறிக்கையில் குறையே இருக்காது. ஒவ்வொரு குறைக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதி, அந்தத் தேதி கழிந்ததும், ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு, அதே ‘நோயாளி’யை அதே வாசல் வழியாக மறுபடி அனுப்புங்கள்.