களியக்காவிளையில் கடைக்கு அலாரம் வைக்கிறவர்களுக்கு

திருடன் வந்தால் உங்கள் போனுக்குத் தகவல் சொல்வது அலாரத்துக்குள் போடும் சிம்தான். அதனால் முதலில் சிம்மை முடிவு செய்யுங்கள். 2ஜி மட்டும் பிடிக்கும் பழைய பேனலில் (சிம் போடும் அலாரப் பெட்டி) ஜியோ சிம் வேலை செய்யாது. அவர்களிடம் 2ஜியே கிடையாது. புதிதாக வாங்குவதென்றால் 4ஜி பேனலே வாங்குங்கள்.

அலாரம் சிம்முக்குத் திருடனைவிடப் பெரிய எதிரி, சும்மா கிடப்பது. பேச்சு, அனுப்பும் எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லாமல் 90 நாள் போய், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் ப்ரீபெய்ட் எண்ணை முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ரப்பர் குடோன் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, "ஒரு தடவைகூட அடிக்கல தம்பி, நல்ல அலாரம்" என்றார். ஷட்டரைத் தூக்கினேன். சைரன் தெருவே கேட்க அலறியது. அவர் போன் மட்டும் சட்டைப்பையில் அப்படியே கிடந்தது; சிம் எப்போதோ முடங்கியிருந்தது. பேனலே வாரம் ஒரு சோதனை எஸ்எம்எஸ் அனுப்பும்படி செட் செய்யுங்கள். ரீசார்ஜ் தேதியைக் கடைக் கணக்குநோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் சென்சார், அதாவது கதவு திறந்தால் கம்பியில்லாமல் பேனலுக்குச் சொல்லும் கருவி. வெளிநாட்டு மருமகன் கொண்டுவந்த செட்டில் 915 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் வேண்டாம். இங்கே அது மொபைல் அலைவரிசைப் பக்கம், டவருக்கே தொந்தரவு. 865 முதல் 868 வரை, அல்லது கட்டடத்துக்குள் 433, குறைந்த திறனில் உரிமம் இல்லாமலே ஓடும்.

எல்லையோரக் கடை என்றால் பேனலில் ரோமிங்கை அணைக்காதீர்கள். கேரளத்துப் பாறசாலைப் பக்க டவர்தான் பல நேரம் கிடைக்கும்.