விமானம் துள்ளினால் என்ன செய்வது? புதிதாகப் பறக்கக் கற்பவர்களுக்கு

பெங்களூர் ஜக்கூர் பக்கம் பிஜி விடுதியில் தங்கி பைலட் பயிற்சிக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, லேண்டிங்ல துள்ளிடுச்சு, என்ன பண்றது?" துள்ளாமல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. முதல் துள்ளலில் விமானம் உடைவதும் அபூர்வம். அதைச் சரிசெய்யப் போய் அடுத்த இரண்டு விநாடியில் மாணவர் செய்கிற காரியம்தான் மூக்குக்கு அடியில் உள்ள நோஸ் வீலை முறிக்கிறது.

செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் விமானத்தின் கையேடும் இன்ஸ்ட்ரக்டரும் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

படி 1: வேகம்

துள்ளலுக்கான விதை பெரும்பாலும் ஃபைனலிலேயே, அதாவது ரன்வேக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்திலேயே, விழுந்துவிடுகிறது. ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) இறக்கிய 172-க்கு ஃபைனலில் 60 முதல் 70 நாட் (விமான வேகத்தின் அலகு) போதும். 65-இல் வரவேண்டியவர் 75-இல் வந்தால், பத்து நாட்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், கரைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விமானம் இறங்க மறுத்து மிதக்கும். நீங்கள் பொறுமையிழந்து மூக்கை அழுத்துவீர்கள். நோஸ் வீல் முதலில் தரையில் மோதும்.

பெங்களூரில் இன்னொரு சங்கதி உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். 30 டிகிரி வெயிலில் காற்று 5,500 அடியில் இருப்பதுபோல லேசாகிவிடும். மீட்டரில் 65 காட்டினாலும் உண்மையான வேகம் 70-ஐத் தாண்டும். காற்றில்லாத நாளில் தரை அதே வேகத்தில் ஓடும். அதைப் பார்த்து "வேகமாகப் போகிறோம்" என்று பவரைக் குறைத்து மூக்கைத் தூக்கினால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலுக்குப் பக்கத்தில் போய்விடுவீர்கள். கண்ணை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

படி 2: பார்வை

தரையை நெருங்கி மூக்கை மெல்லத் தூக்கும் ஃப்ளேர் தொடங்கும்போது பார்வையை ரன்வேயின் கடைசிக்கு நகர்த்துங்கள். மூக்குக்கு முன்னால் ஓடும் தரையையே பார்த்தால் உயரம் பிடிபடாது. அப்புறம் யோக்கை (ஸ்டியரிங் மாதிரி இருக்கும் கைப்பிடி) கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே, இறங்காதபடி பிடித்துவையுங்கள். அது தானாகக் களைத்து பின்னால் உள்ள மெயின் வீலில் உட்காரட்டும்.

படி 3: துள்ளிவிட்டது

இங்கேதான் கவனம். விமானம் எகிறியதும் கண்ணாடி முழுக்க வானம் தெரியும். கை தன்னிச்சையாக யோக்கை முன்னே தள்ளும். தள்ளினால் மூக்கு குத்தி, நோஸ் வீல் அடிபட்டு, இன்னும் உயரமாக எகிறும். மறுபடி தள்ளுவீர்கள். குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு போல விமானம் தத்தத் தொடங்கும். சில்லின் தத்தல் போகப்போகக் குறையும், இது வளரும். மூன்றாவது, நான்காவது தத்தலில் நோஸ் வீல் மடங்கும், ப்ரொப்பெல்லர் தரையைக் கொத்தும்.

துள்ளல் சின்னதா? மூக்கை லேண்டிங் நிலையிலேயே வைத்து, துளி பவர் கொடுத்து, மறுபடி உட்கார விடுங்கள். பெரியதா? யோசிக்கவே வேண்டாம், கோ-அரவுண்ட்: இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள். சின்னதா பெரியதா என்று சந்தேகம் வந்தால் அது பெரியதுதான். இரண்டாவது துள்ளலை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

படி 4: கோ-அரவுண்ட்

எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டில் முழுவதும் உள்ளே. கார்புரேட்டர் உள்ள பழைய மாடல் என்றால் அதில் பனி உறையாமல் சூடாக்கும் கார்ப் ஹீட்டையும் அணையுங்கள். உடனே இரண்டு விஷயங்கள் நடக்கும். லேண்டிங் வேகத்துக்கு ஏற்ப ட்ரிம் செய்திருப்பதால் (கை அழுத்தாமலே மூக்கு நிலையாக நிற்க வைத்திருப்பதால்) மூக்கு மேலே ஓடப் பார்க்கும், யோக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். விமானம் இடப்பக்கம் திரும்பும், வலது ரட்டர் பெடலை மிதிக்க வேண்டும். ரட்டரை மறந்ததால் ரன்வேயை விட்டு இடதுபுறப் புல்லில் போய் நிற்கிற கதை உலகம் முழுக்க உண்டு.

ஃப்ளாப்பை முதலில் 20 டிகிரிக்கு மட்டும் கொண்டுவாருங்கள். விமானம் உறுதியாக ஏறுகிறது, வேகமும் கூடுகிறது என்று தெரிந்தபின் மிச்சத்தைப் படிப்படியாக எடுங்கள். ஒரே வீச்சில் எடுத்தால் தூக்குவிசை போய் தொபுக்கென்று இறங்கும். ரேடியோவில் "கோயிங் அரவுண்ட்" என்பது கடைசி வேலை, டவர் காத்திருக்கும். பெங்களூர் உச்சிவெயிலில் எஞ்சினும் முழு பலம் தராது, ஏற்றம் சோம்பலாகத்தான் இருக்கும். அதனால் முடிவைச் சீக்கிரம் எடுங்கள்.

இதை பிஜி அறை நாற்காலியில் உட்கார்ந்தே பழகலாம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையையும் காலையும் அசையுங்கள். ரூம்மேட் சிரிப்பான், பரவாயில்லை.

படி 5: தரையில் உருளும்போது

சக்கரம் தொட்டதும் லேண்டிங் முடிந்துவிடவில்லை. யோக்கை இழுத்தே வைத்திருங்கள், பிரேக்கை மெதுவாக. பக்கக் காற்று இருந்தால் யோக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, வேகம் குறையக் குறைய முழுசாகக் கொண்டுபோங்கள்.

படி 6: எழுதுங்கள்

பலமாக அடித்து இறங்கினால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லி, விமானத்தின் பதிவேடான டெக் லாக்கில் எழுதுங்கள். எஞ்சினியர் டயரையும் நோஸ் வீலையும் பார்ப்பார். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகடு எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று தடவியும் பார்ப்பார். ப்ரொப்பெல்லர் முனை தரையைத் தொட்டிருந்தால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டிவரும். அதற்குப் பயந்து மறைத்தால், அடுத்த ஸ்லாட்டில் அதே விமானத்தில் ஏறுவது உங்கள் பேட்ச்மேட்.